பிளேர் கழற்றிய துளைகள்: ரப்பர் அடைப்பானா, வெல்டிங்கா?

பழைய ஜீப்பில் வெளுத்து வெடித்துப்போன பெண்டர் பிளேரை, அதாவது சக்கர வளைவின் மேல் திருகி மாட்டிய விளிம்புப் பட்டையைக் கழற்றுவது பெரிய வித்தையல்ல. துருப்பிடித்த திருகுகளில் முந்தின இரவே எண்ணெய் விட்டுவைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். கழற்றிய பிறகு சக்கர வளைவு முழுக்கத் துளைகள் பல்லிளிக்கும்.

ரப்பர் அடைப்பான் மலிவு. துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் பூசி, சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்து அழுத்தினால் முடிந்தது. நாளை புதுப் பிளேர் கிடைத்தால் அதே துளைகளில் மாட்டலாம். ஆனால் வண்டி அம்மைத் தழும்பு முகத்தோடுதான் நிற்கும்.

வெல்டிங் நிதானம் கேட்கிற வேலை. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். துளைக்குப் பின்னால் செப்புத் தகட்டைப் பிடித்தால் உருகிய இரும்பு அதில் ஒட்டாது, துளை சீராக நிரம்பும். ஒரே மூச்சில் சுட்டால் மெல்லிய தகடு நெளிந்துவிடும். இடம் மாற்றி, ஆறவிட்டுத்தான் அடைக்க வேண்டும். பிறகு தேய்ப்பு, மெல்லிய பட்டி (மேடுபள்ளத்தைச் சமன்செய்யும் பூச்சு), பிரைமர், பெயிண்ட். உட்புறத்துக்கும் பிரைமர் அவசியம். காரைக்குடிப் பட்டறை எதுவானாலும் இதை மட்டும் நின்று பார்த்து வாங்குங்கள்.

துளையில் நேராகப் பட்டியை அப்பித் தருகிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழை கழிந்ததும் கொப்புளம் கிளம்பும்.

செம்மண் பாதையில் தோட்டத்துக்குப் போய்வரும் வண்டிக்கு அடைப்பான் தாராளம். வீட்டு முகப்பில் நிறுத்தி நாலு பேர் பார்க்கும் வண்டி என்றால் என் ஓட்டு வெல்டிங்குக்கே. துளையோரத் தகடே உதிர்ந்தால் இரண்டும் உதவாது. அந்தப் பகுதியை வெட்டி ஒட்டுத்தகடு வைத்தாக வேண்டும்.