ஒரு பம்ப், நான்கு கையேடு

அக்கா பையன் பாலிடெக்னிக் முடித்து மணலியில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். மெஷினை இயக்கும் முறையை ஆங்கிலத்தில் எழுதித் தரும் பொறுப்பும் அவன் தலையில் விழுந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதிய பக்கத்தோடு தண்டையார்பேட்டை வீட்டுக்கு வந்து நின்றான். "எதைப் படிக்கிறது மாமா?" நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான். இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டேன்.

முதலில் 'ஹேண்ட்புக் ஆஃப் டெக்னிக்கல் ரைட்டிங்'. "இன்னா மாமா, செங்கல் மாதிரி இருக்கு!" என்றான். 1976-ல் முதல் பதிப்பு வந்த புத்தகம். அறிக்கை, கடிதம், காற்புள்ளி என்று எல்லாமே ஆங்கில அகரவரிசையில் இருக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தவனுக்கு அருமையான புத்தகம். புதிதாக வருகிறவனுக்கு அதுதானே தெரியாது?

அடுத்தது மைக்ரோசாஃப்டின் எழுத்து நடைக் கையேடு. இதற்குக் காசு போட வேண்டாம். கடைசி அச்சுப் பதிப்பு 2012-ல் வந்தது. 2018 முதல் அது இணையத்தில் இலவசம். இது தெரியாமல் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி நான் வாங்கி வந்த பழைய பதிப்பு பரணில் கிடக்கிறது. 'கிளிக்' என்பதா 'செலக்ட்' என்பதா என்று குழம்புகிற சாஃப்ட்வேர்காரர்களுக்கு ஆகும், பம்ப்புக்கு ஆகாது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அவன் எழுதியதைத் தமிழில் சொன்னால்: 'பம்ப் ஸ்டார்ட் செய்யப்படும் முன் சக்‌ஷன் வால்வு திறக்கப்பட்டும் டிஸ்சார்ஜ் வால்வு மூடப்பட்டும் இருப்பது உறுதி செய்யப்பட வேண்டும்.' (சக்‌ஷன் என்பது உள்ளே இழுக்கும் வழி, டிஸ்சார்ஜ் வெளியே தள்ளும் வழி.) பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: டிஸ்சார்ஜை மூடியபடி நெடுநேரம் ஓட்டினால் பம்ப் சூடேறும்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காகப் பிறந்த எழுத்து விதித்தொகுப்பு 'சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்', சுருக்கமாக எஸ்டிஇ. அது இப்படி எழுத விடாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு கட்டளை, செயப்பாட்டு வினை கூடாது, செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்: 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும். விதிக்குக் கட்டுப்படுவதற்கு 'ஒபே' என்றுதான் எழுத வேண்டும். சரி, அதன்படி மாற்றிப் பார்த்தோம்: 'சக்‌ஷன் வால்வை முழுதாகத் திற. டிஸ்சார்ஜ் வால்வை மூடு. பம்ப்பை ஸ்டார்ட் செய். டிஸ்சார்ஜ் வால்வை மெல்லத் திற.' சூடேறும் என்ற எச்சரிக்கை மேலே போனது. நைட் ஷிஃப்டில் தூக்கக் கலக்கத்தில் படிக்கிறவன், ஸ்டார்ட் செய்த பிறகா அதைப் பார்க்க வேண்டும்? எஸ்டிஇ-யின் பிடிஎஃபும் இலவசம், கேட்டால் அனுப்புவார்கள்.

ஆனால் எஸ்டிஇ வாக்கியத்தைத்தான் திருத்தும். பக்கத்தில் எது விட்டுப்போனது என்று சொல்லாது. அதற்கு ஐபிஎம்காரர்கள் எழுதிய 'டெவலப்பிங் குவாலிட்டி டெக்னிக்கல் இன்ஃபர்மேஷன்' வேண்டும். மூன்றாம் பதிப்பு 2014-ல் வந்தது. துல்லியம், முழுமை, தெளிவு, தேடினால் கிடைப்பது என்று ஒன்பது அளவுகோல்களை வைத்து, முன்பு இப்படி, திருத்திய பின் இப்படி என்று காட்டிக்கொண்டே போகும். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தது இதுதான், அதனால் கொஞ்சம் பாசமும் உண்டு. குறை என்னவென்றால், எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் சார்ந்தவை. புதிதாக வாங்கினால் விலையும் கையைக் கடிக்கும்.

ஓஎம்ஆர் பக்கம் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிறவனாக இருந்தால் ஐபிஎம் புத்தகத்தைத்தான் முதலில் கொடுத்திருப்பேன். மணலி, எண்ணூர் பக்கம் வால்வும் பாய்லருமாக இருக்கிறவனுக்கு எஸ்டிஇ-யின் முதல் பாதியில் இருக்கும் விதிகள் போதும், அகராதிப் பகுதியை எழுதும்போது புரட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஐபிஎம் புத்தகத்தை என்னிடமே இரவல் வாங்கிக்கொள்ளட்டும்.

போன வாரம் திருத்திய பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வாக்கியமெல்லாம் கச்சிதம். 'நெடுநேரம்' மட்டும் அப்படியே இருந்தது. எத்தனை நிமிடம் என்று கேட்டேன். "எந்த புக்குல மாமா இருக்கும்?" என்றான். பம்ப்போடு வந்த மேனுவலைத் தேடச் சொல்லியிருக்கிறேன்.