உயரம் ஒரு வேலை, சுகம் இன்னொரு வேலை: ஊரில் செய்துகொண்ட சீட் மாற்றம்

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நான் ஓட்டுவது தம்பியின் அட்வென்ச்சர் வகை பைக்கைத்தான். அவன் என்னைவிட நன்றாக வளர்ந்தவன். அவன் பாதம் முழுவதும் பதியும் சீட்டில் நான் அமர்ந்தால் இரு கால்களிலும் விரல்கள் மட்டுமே தரையைத் தொடும். சரளைக்கல் பரவிய சரிவில் நிறுத்த நேர்ந்தால் பைக்கின் முழு எடையும் அந்த விரல்களை நம்பித்தான் நிற்கும். ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 போன்ற பைக்குகளில் சீட்டை 825, 845 மி.மீ. என இரண்டு உயரங்களில் மாற்றிப் பொருத்த முடியும். தம்பியின் பைக்கில் அந்த வசதி இல்லை. ஆகவே, அவனுடைய சீட்டில் கை வைக்காமல், உதிரிபாகமாக இன்னொரு சீட் வாங்கி, அதை எனக்கேற்றபடி குஷன் வேலை செய்பவரிடம் திருத்திக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஒரே பைக்கை இருவர் ஓட்டும் வீடுகளில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. வேலை சரியாக அமையாவிட்டாலும் பழைய சீட் பத்திரமாக இருக்கும்.

நான் வாழும் நாட்டில் இத்தகைய வேலைக்குச் சீட்டைக் கழற்றிக் கூரியரில் அனுப்ப வேண்டும். கூடவே உடல் எடை, காலின் உள்ளளவு (கவட்டிலிருந்து பாதம் வரையிலான நீளம்), பைக்கில் அமர்ந்த நிலையில் பக்கவாட்டில் எடுத்த புகைப்படம் ஆகியவற்றையும் அனுப்புவோம். நல்ல வேலைதான் செய்கிறார்கள், ஆனால் செய்பவரும் அமர்பவரும் ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. ஊரில் முதலில் விசாரித்த இடத்தில், "சீட்டை வச்சுட்டுப் போங்க, ஸ்பாஞ்சை வெட்டிடலாம்" என்று உடனே சொல்லிவிட்டார்கள். இரண்டாவதாகச் சென்ற இடத்தில் இருந்த பெரியவரோ சீட்டை மட்டும் வாங்கிக்கொள்ள மறுத்தார். "பைக்கைக் கொண்டு வாங்க தம்பி, ஓட்டும்போது போடுற ஷூவையும் போட்டுக்கிட்டு வாங்க" என்றார். வேலையை அவரிடமே கொடுத்தோம்.

அவர் முதலில் செய்தது அளவெடுப்பு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் பைக்கில் எடுக்கும் அளவு ஏமாற்றும் என்பதால், தம்பியைப் பின்னால் நின்று பைக்கை நேராகப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் அமர்ந்ததும் சஸ்பென்ஷன் இறங்குவதைப் பார்த்தார். பின்பு என் தொடையின் உட்புறம் சீட்டின் எந்த விளிம்பில் அழுந்துகிறது என்று சாக்குக்கட்டியால் கோடு போட்டார். அந்தக் கோடுதான் இந்த வேலையின் சாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறுவனங்கள் தரும் சீட் உயரம் தரையிலிருந்து சீட்டின் தாழ்ந்த இடம் வரையிலான செங்குத்து அளவு மட்டுமே. கால் அந்தச் செங்குத்துக் கோட்டில் இறங்குவதில்லை. சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளியே விலகி, வளைந்த பாதையில் இறங்குகிறது. அதனால்தான் ஒரே உயரம் குறிக்கப்பட்ட இரண்டு பைக்குகளில் ஒன்றில் குதிகால் பதிவதும் மற்றொன்றில் பதியாததும் நிகழ்கிறது. பெட்ரோல் டேங்கை ஒட்டிய இரு பக்க முனைகளையும் சரிவாகச் செதுக்கினால், நடுவில் ஸ்பாஞ்ச் சற்றும் குறையாமலேயே கால் நேராக இறங்கத் தொடங்கும். மேலிருந்து தோண்டுவது அதற்கு அடுத்த கட்டம்.

தோண்டுவதில் ஒரு வரம்பு உண்டு. சீட்டின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டுக்கு மேல் போதிய கனம் இல்லாவிட்டால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பாஞ்ச் முழுவதும் அமுங்கி, எலும்பு நேரடியாகத் தட்டில் இடிக்கும். உயரம் குறைத்த சீட்டில் வலி கூடியது என்று பலர் சொல்வதற்கு இதுவே முதற் காரணம். பெரியவர் ஒரு நீண்ட கம்பி ஊசியை ஆங்காங்கே குத்தி, தட்டு வரை எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று பார்த்த பிறகே கத்தியை எடுத்தார். பக்கங்களை நன்றாகக் குறைத்தார், நடுவில் ஏறத்தாழ 20 மி.மீ. மட்டுமே எடுத்தார். கத்தியால் வெட்டிய மேடு பள்ளங்களை கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு பொருத்தித் தேய்த்துச் சமப்படுத்தினார்.

சுகத்துக்கான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது. மென்மையான சீட்டே சுகமானது என்பது கடையில் இரண்டு நிமிடம் அமர்ந்து பார்ப்பவரின் எண்ணம். உடலின் எடையைத் தாங்குபவை இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகள். மென்மையான ஸ்பாஞ்சில் அவை புதைந்துபோக, அழுத்தம் நடுவிலுள்ள நரம்புப் பகுதிக்கு மாறி, ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும். ஸ்பாஞ்சின் அடர்த்தியும் அதன் கடினமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அடர்த்தி அது எத்தனை காலம் உழைக்கும் என்பதைக் காட்டும், அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது தனிக் கணக்கு. வெட்டுத் துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்யும் ரீபாண்டட் ஸ்பாஞ்சைத் தாங்கும் அடுக்காக எலும்பு முனைகள் படும் இடத்தில் பதித்து, அதன் மேல் மென்மையான மெல்லிய அடுக்கை ஒட்டினார். ஜெல் பட்டை வைக்கலாமா என்று நான் கேட்டேன். வெயிலில் நிறுத்தினால் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார். உடலின் வடிவுக்கேற்ப மெதுவாக அமுங்கும் மெமரி ஃபோமைப் பற்றி நான் கேட்கவில்லை. தனியாக அதை மட்டும் வைத்தால் உடல் எடையில் தட்டையாகிவிடும், குளிரில் விறைத்துக்கொள்ளும் என்பது ஏற்கெனவே தெரியும்.

சீட்டின் சரிவு பலர் கவனிக்காத விஷயம். பல பைக்குகளில் சீட் டேங்கை நோக்கி இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உடல் முன்னே வழுக்கி, கைகளால் தள்ளிப் பின்னே வர வேண்டியிருக்கும். உயரத்தைக் குறைக்கும்போது முன்பகுதியை மட்டும் வெட்டினால் இந்தச் சரிவு இன்னும் கூடிவிடும். எனவே அமரும் இடத்தைச் சற்றுப் பின்னே நகர்த்தி, அங்கே கிட்டத்தட்டச் சமதளமாகச் செய்யச் சொன்னோம். அதனால் பின்னிருக்கை தொடங்கும் இடத்திலுள்ள மேடு கொஞ்சம் உயர்ந்து முதுகடிக்கு ஒரு தாங்கல் கிடைத்தது. எதிர்பாராத லாபம் என்றே சொல்ல வேண்டும்.

உறை தைப்பதற்கு முன் சோதனை ஓட்டம் வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். வெட்டிய ஸ்பாஞ்சின் மேல் பழைய உறையை இழுத்துத் தற்காலிகமாகச் சில பின்கள் மட்டும் அடித்துக் கொடுத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியபோது வலது பக்க விளிம்பு தொடையில் உறுத்துவது தெரிந்தது. நிற்கும் பைக்கில் அது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. திரும்பிச் சென்றதும் அதைத் தேய்த்துச் சரிசெய்தார். விடுமுறையில் செல்பவர்கள் இந்த வேலையைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்குவது வீண் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஓட்டிப் பார்ப்பதற்கும் திருப்பிக் கொடுப்பதற்கும் இடையில் நாள்கள் வேண்டும்.

உறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. எலும்பு முனைகள் படும் இடத்தில் தையல் வரக்கூடாது. தையல் ஓட்டைகள் வழியே மழைநீர் இறங்கும் என்பதால் ஸ்பாஞ்சுக்கும் ரெக்சினுக்கும் நடுவே பாலித்தீன் தாள் வைக்க வேண்டும். தொழிற்சாலையில் வார்த்த ஸ்பாஞ்சின் மேற்பரப்பில் ஒரு தோல் படிந்திருக்கும். வெட்டியவுடன் அது போய்விடுவதால் திருத்திய சீட் நீரை எளிதில் குடிக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பின் கேட்டு வாங்குவதும் நல்லது.

இப்போது இரு பாதங்களின் முன்பாதியும் தரையில் உறுதியாகப் பதிகின்றன. சஸ்பென்ஷனைத் தாழ்த்தியிருந்தால் குதிகாலும் பதிந்திருக்கும். ஆனால் அதைச் செய்தால் பைக்கின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி குறையும், தாழ்ந்த பைக்குக்கு சைடு ஸ்டாண்டும் நீளமாகிப்போய் பைக் மிக நேராக நின்று எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். தவிர, அது தம்பியின் பைக். சீட் இறங்கியதால் ஃபுட்ரெஸ்டுக்கும் சீட்டுக்கும் உள்ள தொலைவு குறைந்து, நீண்ட ஓட்டத்தில் முழங்கால் முன்பைவிட மடங்கியிருக்கிறது. ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தித் தருவதாகப் பெரியவர் சொன்னார். வளைவில் சாய்க்கும்போது அது தரையில் உரசும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வழியில் நிறுத்திக் காலை நீட்டிக்கொள்வது எனக்குப் போதுமானதாக இருக்கிறது.