ஆடிட்டரை மாற்றுவதா, ஆடிட் நிறுவனத்தையே மாற்றுவதா?

அமெரிக்காவில் 2002-ல் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி, தணிக்கைக்குத் தலைமை தாங்கும் பார்ட்னர் 5 ஆண்டுகளில் மாற வேண்டும். தணிக்கை நிறுவனம் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தொடரலாம். இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டம் ஒரு படி மேலே போகிறது. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகளில் தணிக்கை நிறுவனமே 10 ஆண்டுகளில் வெளியேற வேண்டும். திரும்பி வர 5 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

முதல் வழியில் அனுபவம் வீணாகாது. பெரிய வங்கியின் கணக்கு ஒருவருக்குப் பிடிபடவே ஓரிரு வருடம் ஆகும். புதியவர்கள் அந்த நேரத்தில் தடுமாறுவார்கள், உண்மைதான்.

ஆனாலும் எனக்கு இந்திய வழிதான் சரியாகப் படுகிறது. காரணம் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனி. 2009 ஜனவரி 7 அன்று அதன் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். இருப்பை உறுதிசெய்யக் கேட்கும் கடிதத்தை ஆடிட்டரே வங்கிக்கு அனுப்பி, பதிலையும் நேராகத் தன் கையில் வாங்க வேண்டும். சத்யத்தில் அந்த வேலையைக் கம்பெனி ஆட்களிடமே விட்டிருந்தார்கள். இத்தனைக்கும் இது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கே சொல்லித்தரும் பாடம்! பழகிய இடத்தில், போன வருஷம் போலத்தானே என்று டிக் போட்டுவிட்டுப் போவது சுலபம். புதிதாக வருகிறவருக்கு அந்த நம்பிக்கை இருக்காது.

அப்புறம், புது ஆடிட்டரைப் புரமோட்டரே, அதாவது கம்பெனியைத் தன் பிடியில் வைத்திருக்கும் முதலாளியே, கைகாட்டினால் இரண்டு வழியும் பயன் தராது. தணிக்கைக் குழுவில் இருக்கும் சுயேச்சை இயக்குநர்கள்தான் அதைத் தடுக்க வேண்டும்.