டூரின் பக்கம் டோர்ச்செட்டி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையோ மாமனார் மாமியாரையோ இத்தாலியில் நாலு இடம் சுற்றிக் காட்ட நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் முழுதாகப் படியுங்கள். டூரினுக்கு வடக்கே ஒரு பண்ணை வீட்டில் ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று விளம்பரம் செய்து நடத்தும் பிஸ்கட் வகுப்பில், என் மாமியாருக்குப் பன்றிக் கொழுப்பு சேர்த்த மாவைச் சுட்டுச் சாப்பிடக் கொடுத்தார்கள். வெண்ணெய் மட்டும்தான் போடுவோம் என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்பிவிட்டு இதைச் செய்தார்கள்.

டோர்ச்செட்டி என்பது பீட்மாண்ட் மாநிலத்திலும் அதை ஒட்டிய ஆவோஸ்டா பள்ளத்தாக்கிலும் செய்யும் பிஸ்கட். மாவை விரல் பருமனுக்கு உருட்டி, சர்க்கரையில் புரட்டி, லேசாக முறுக்கி, இரண்டு முனையையும் சேர்த்து அழுத்தி நீர்த்துளி வடிவில் சுடுவார்கள். மேலே ஒட்டிய சர்க்கரை அடுப்புச் சூட்டில் உருகிப் பழுப்பேறி, கடித்தால் நொறுங்கும். ஊர்ப் பொது அடுப்பில் ரொட்டி சுடும் நாளில், மீந்த ரொட்டி மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்தது என்று இங்கே சொல்வார்கள். லான்சோ, பியெல்லா, அல்யே ஆகிய ஊர்களில் பேக்கரிக்குப் பேக்கரி கைப்பக்குவம் மாறும். லான்சோ பக்கம் கிரிஸ்ஸினி என்ற குச்சி ரொட்டிக்கும் பேர் போனது. அந்த மாவுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

என் மாமியார், அதாவது அத்தை, கும்பகோணத்துக்காரர். முட்டைகூடத் தொடமாட்டார். இந்த ஊர்ப் பேக்கரியில் எதை எடுத்தாலும் முட்டை இருக்கும். வழக்கமான டோர்ச்செட்டியில் முட்டை கிடையாது: மைதா, தண்ணீர், ஈஸ்ட், வெண்ணெய், உப்பு, மேலுக்குச் சர்க்கரை. அத்தைக்குக் கைமுறுக்கு சுற்றி நல்ல பழக்கம். வாராவாரம் தேவாலயமும் அருங்காட்சியகமும் பார்த்து அலுத்துப்போனவருக்கு, மாவில் கை வைத்து எதையாவது கற்றுக்கொண்டால் பிடிக்கும் என்று நினைத்தேன்.

முன்பதிவுத் தளம் ஒன்றில் அந்த வீட்டின் விளம்பரம் இருந்தது. விறகடுப்பு, மாவு படிந்த மரப்பலகை, சிரிக்கும் பாட்டி என்று படங்கள். ‘மாவு பிசைவதிலிருந்து எல்லாம் உங்கள் கையால், இரண்டு மணி நேரம், ஆளுக்கு 75 யூரோ.’ பணம் கட்டும் முன் இத்தாலிய மொழியில் செய்தி அனுப்பினேன்: என் மாமியார் இறைச்சி, மீன், முட்டை எதுவும் சாப்பிடமாட்டார், மாவில் என்ன கொழுப்பு சேர்ப்பீர்கள்? அன்றே பதில் வந்தது. ‘வெண்ணெய் மட்டும்தான், கவலையே வேண்டாம்.’

போன அன்று படத்தில் இருந்த பாட்டி இல்லை. ஓர் இளைஞர்தான் இருந்தார். விறகடுப்புக்குள் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மூலையில் இருந்த மின் அடுப்பில்தான் சுடப்போகிறோம் என்றார். சரி, சுடுவது எதில் என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் மாவு? ஈரத்துணி போட்டு மூடிய ஒரு ஸ்டீல் பாத்திரத்தை எடுத்துவந்து, “நேரம் போதாது என்று முன்னாடியே பிசைந்து வைத்துவிட்டேன்” என்றார். அத்தை ஒரு உருண்டையை எடுத்து அழுத்தினார். மேலே மெத்தென்று இருந்தது, நடுவில் கட்டை விரல் இறங்கவில்லை. உள்ளே இன்னும் உறைந்துபோய்க் கிடந்தது. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஃப்ரிஜ்ஜில வெச்சிருப்பாரும்மா” என்று நல்லபடியாகவே எடுத்துக்கொண்டார்.

முறுக்கும் வேலை மட்டும் எங்களுக்கு. அத்தை கை பார்த்து அங்கே இருந்தவர்கள் அசந்துபோனார்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே முறுக்கு. சர்க்கரையில் புரட்டித் தட்டில் அடுக்கிய பிறகு, இன்னொரு குழு முடிக்கட்டும் என்று அடுப்பில் வைக்காமல் நெடுநேரம் காத்திருக்க வைத்தார். இது பெரிய தப்பு. சர்க்கரை மாவின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எங்கள் கண்ணெதிரே சர்க்கரை நீர்விட்டு, தட்டெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. வெந்து வந்தபோது பாதி பிஸ்கட் அடியில் கருகித் தாளோடு ஒட்டிக்கொண்டது. மீதியைச் சூடாகக் கொடுத்தார். அத்தை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, “வெண்ணெய் வாசமே வரலையே” என்றார். வீட்டுக்கு எடுத்துப்போக என்று ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். அதில் இருந்தவை நாங்கள் செய்தவையே இல்லை. அச்சில் வார்த்த மாதிரி இருந்த கடைச் சரக்கு. அந்தப் பெட்டிக்கு 15 யூரோ, ரொக்கமாக, ரசீது இல்லாமல்.

கிளம்பும் முன் கையிலிருந்த காகிதத்தைப் போடக் குப்பைத் தொட்டிப் பக்கம் போனேன். இங்கே பிளாஸ்டிக், காகிதம் எல்லாம் தனித்தனித் தொட்டி. பிளாஸ்டிக் தொட்டியில் மேலாகவே கிடந்தது உறைந்த மாவுப் பை. கிழித்த விளிம்பில் மாவு இன்னும் ஒட்டியிருந்தது. பொருள் பட்டியலைப் படித்தேன். கோதுமை மாவு, தண்ணீர், மூன்றாவதாக ஸ்ட்ருட்டோ. ஸ்ட்ருட்டோ என்றால் உருக்கிய பன்றிக் கொழுப்பு. வெண்ணெய் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதிப்படி பொட்டலப் பொருளில் எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். அப்படியென்றால் மூன்றாவது இடம் என்பது சும்மா வாசனைக்குச் சேர்த்தது இல்லை.

பையைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். முதலில் அது வேறு குழுவுக்கு என்றார். வேறு மாவு எங்கே, காட்டுங்கள் என்றதும், பழைய காலத்தில் பாட்டிகளும் இதைத்தான் போட்டார்கள் என்றார். கடைசியாக அவர் கேட்டதுதான் இன்னும் மனதை அறுக்கிறது: “உங்கள் மாமியாருக்கு அலர்ஜி ஒன்றும் இல்லையே, பிறகு என்ன?”

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஐரோப்பாவில் உணவு விற்பவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்கள் 14. குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், வேர்க்கடலை, எள், கடுகு எல்லாம் அதில் வரும். பன்றிக் கொழுப்பு அதில் வராது. அதனால் “அலர்ஜன் என்னென்ன?” என்று கேட்டால் ஸ்ட்ருட்டோ பெயர் வெளியே வரவே வராது. சைவக்காரர்கள் அந்தக் கேள்வியை நம்பி இருந்துவிடாதீர்கள். ஸ்ட்ருட்டோ என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

பன்றிக் கொழுப்பு போடுவதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நேப்பிள்ஸில் இரண்டு இழையை முறுக்கி, பாதாமும் மிளகும் வைத்துச் செய்யும் தராலி என்ற வளைய பிஸ்கட் அதில்தான் உயிர் வாழ்கிறது. ரொமாஞா பக்கத்துப் பியாதீனா ரொட்டியிலும், சிசிலியின் கன்னோலி என்ற இனிப்பின் மொறுமொறு ஓட்டிலும் அதைச் சேர்ப்பது வழக்கம். அவர்கள் ஊர், அவர்கள் உணவு, மறைக்காமல் சொல்லித்தான் விற்கிறார்கள். கேட்டவரிடம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போடுவதுதான் துரோகம்.

பேருந்தில் அத்தையிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமலே விட்டிருக்கலாமே, வயதானவருக்கு எதற்கு வேதனை என்று வீட்டில் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் கட்டிக்காத்த பழக்கம் அவருடையது. அதற்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருடையது. அத்தை கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நீ கேட்டுத்தானேம்மா கூட்டிட்டுப் போனே. கேட்டவகிட்டயே பொய் சொன்னா என்ன பண்றது” என்றார். அன்று ராத்திரி மோர் மட்டும் குடித்தார்.

பணம் திரும்பக் கேட்டபோது தளம் முதலில் கையை விரித்தது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை ஐரோப்பாவில் உண்டு. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குப் பதிவு செய்யும் பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அது பொருந்தாது. அதைத்தான் காட்டினார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான். ஆனால் நான் மனம் மாறி ரத்து செய்யவில்லையே. சொன்னது ஒன்று, கொடுத்தது வேறொன்று. அந்த இரண்டையும் கலக்க விடாதீர்கள். ‘வெண்ணெய் மட்டும்’ என்ற செய்தியையும் பையின் படத்தையும் சேர்த்து அனுப்பி, கார்டு கொடுத்த வங்கியிலும் புகார் பதிந்த பிறகு கார்டில் கட்டியது திரும்ப வந்தது. ரொக்கமாகக் கொடுத்த 30 யூரோ போனது போனதுதான். ரசீது இல்லாமல் ரொக்கம் கேட்டாலே மறுத்துவிடுங்கள்.

இத்தனைக்கும் ஒரே ஒரு விஷயம் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்: நேரம். உண்மையான டோர்ச்செட்டியை மாவிலிருந்து ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் முடிக்கவே முடியாது. கீழ்த்தளத்தில் இருக்கும் லான்சோ பக்கத்து அம்மா ஒருவர், நடந்ததைக் கேட்டுக் கோபப்பட்டு, தன் சமையலறையிலேயே அத்தைக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் செய்த முறையை அப்படியே எழுதுகிறேன். இதற்கு யாருக்கும் 75 யூரோ கொடுக்க வேண்டியதில்லை.

அரைக் கிலோ மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, 220 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 12 கிராம் புது ஈஸ்ட். இங்கே குளிர்பெட்டியில் 25 கிராம் கட்டியாக விற்பதில் பாதி. ஊரில் கிடைக்கும் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்றால் 4 கிராம் போதும். வெண்ணெய் 200 கிராம், உப்பு சேர்க்காதது. முதலில் வெண்ணெய் இல்லாமல் சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, இரட்டிப்பாகும் வரை மூடி வைக்க வேண்டும். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் இன்னும் கூட.

அதற்குப் பிறகுதான் வெண்ணெய். அறைச் சூட்டில் இளகியதைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துக்கொண்டே பிசையவேண்டும். இந்தக் கட்டத்தில் பயந்துவிடாதீர்கள். மாவு வழுக்கும், துண்டு துண்டாகப் பிரியும், கெட்டுப்போனது போலவே இருக்கும். விடாமல் பிசைந்தால் சட்டென்று ஒன்றுகூடிப் பளபளப்பாகிவிடும். அந்த மாற்றம் கைக்குத் தெரியும். அத்தை முகம் மலர்ந்தது அந்த நிமிஷத்தில்தான். காசு வாங்கிய வீட்டில் இதைத்தான் எங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். மாவுக்கு இன்னொரு மணி நேரம் ஓய்வு. பிறகு விரல் பருமன், 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு உருட்டி, சர்க்கரையில் புரட்டி, முறுக்கி முனை சேர்த்து, காத்திருக்காமல் உடனே 190 டிகிரி அடுப்பில் வைக்கவேண்டும். 20 முதல் 25 நிமிடம். அடி பழுப்பானதும் எடுத்துவிடலாம். உருகிய சர்க்கரை நாக்கைச் சுட்டுவிடும் என்பதால் நன்றாக ஆறவிடுங்கள். காற்றுப் புகாத டின்னில் போட்டால் மொறுமொறுப்பு நிற்கும்.

பிசைவது, உருட்டுவது, ஆறவிடுவது எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகிறது. முதல் மாவைத் தயாராக வைத்துவிட்டு, வெண்ணெய் சேர்ப்பதை உங்கள் கையால் செய்யவைக்கும் நேர்மையான வகுப்புகளும் இருக்கலாம். அதை முன்னாடியே சொல்லிவிட்டால் ஒன்றும் தப்பில்லை. ‘எல்லாம் உங்கள் கையால், இரண்டு மணி நேரம்’ என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தால் கிட்டப் போகாதீர்கள்.

கடையில் வாங்கும்போதும் பொட்டலத்தின் பின்பக்கம் பாருங்கள். பூர்ரோ என்றால் வெண்ணெய். மார்கரீனா என்றால் மார்கரின். பெயரிலேயே ‘அல் பூர்ரோ’ என்று போட்டிருந்தால் வெண்ணெய் எத்தனை சதவீதம் என்று எழுதியே ஆக வேண்டும். எழுதவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். முட்டைக்கு உவோவா. தடித்த எழுத்தில் இருப்பது அலர்ஜன் மட்டும். ஸ்ட்ருட்டோ சாதாரண எழுத்தில் நடுவில் ஒளிந்திருக்கும், முழுப் பட்டியலையும் படித்தால்தான் கண்ணில் படும்.

அந்த வீட்டின் விளம்பரம் இன்றைக்கும் அதே பாட்டி படத்தோடு இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து பெரியவர்கள் வரும் நேரம் இது. எந்த வகுப்பாக இருந்தாலும் பணம் கட்டும் முன் இந்த வரியை அனுப்புங்கள்: “Nell'impasto c'è lo strutto?” (நெல்லிம்பாஸ்தோ சே லோ ஸ்ட்ருட்டோ?) மாவில் பன்றிக் கொழுப்பு உண்டா என்று அர்த்தம். பதிலோடு கொழுப்புப் பொட்டலத்தின் படமும் கேளுங்கள். பதில் பேச்சில் வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும். எனக்குக் கார்டில் கட்டிய பணம் திரும்பி வந்தது அந்த ஒரு செய்தியால்தான்.