ஒன்பது பொத்தான் கீபேடா, எடிட்டரின் மேக்ரோவா?

என் மேசையில் ஒன்பது பொத்தான் உள்ள சின்ன கீபேட் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு மேக்ரோவை, அதாவது வரிசையாக அமுக்க வேண்டிய விசைகளை, ஏற்றி வைக்கலாம். கோட் எழுதும் நிரலான எடிட்டரிலும் மேக்ரோ பதியலாம்; எது மேல் என்பதுதான் கேள்வி. வாங்கிய புதிதில் அதற்குக் கொடுத்த முதல் வேலை, 'கிட் ஸ்டேட்டஸ்' (கோடில் என்ன மாறியிருக்கிறது என்று காட்டும் கட்டளை) என்று டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், தட்டுவது. ஒழுங்காகத்தான் தட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் ஒரு குறிப்பைத் தமிழில் எழுதிவிட்டு, தமிழ்99 விசைப்பலகை அமைப்பை மாற்ற மறந்து பொத்தானை அமுக்கினேன். 'எனே இஏஅஏறி' என்று வந்து நின்றது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது டெர்மினல். நியாயம்தான்.

கீபேட் எழுத்தை அனுப்புவதே இல்லை. எந்த இடத்து விசை அமுங்கியது என்ற எண்ணை மட்டும்தான் யுஎஸ்பி வழியாக அனுப்புகிறது. அது 'ஜி' ஆவதும் 'எ' ஆவதும் கணினியில் அப்போது எந்த விசைப்பலகை அமைப்பு ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. திரையில் என்ன இருக்கிறது என்று கீபேடுக்குத் தெரியாது; சொன்னதைத் தட்டிவிட்டுப் போய்விடும். கீபேடையும் எடிட்டரின் மேக்ரோவையும் ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எடிட்டரின் மேக்ரோவுக்குக் கண் இருக்கிறது. 1976-இல் பிறந்த ஈமேக்ஸ் எடிட்டரின் பெயரே 'எடிட்டர் மேக்ரோஸ்' என்பதிலிருந்து வந்தது. எஃப்3 அமுக்கினால் பதிவு தொடங்கும். எஃப்4 அமுக்கினால் முடியும், மறுபடி அமுக்கினால் திரும்ப ஓடும். 1991-இல் வெளியான விம் எடிட்டரில் 'கியூஏ' ('ஏ' என்ற பெயரில் பதிவு) என்று தொடங்கி, ஒரு வரியைத் திருத்தி, அடுத்த வரிக்கு இறங்கி, 'கியூ' போட்டு முடித்தால் போதும். நாற்பது வரிக்கு அதையே '40@ஏ' செய்துவிடும். முக்கியமான விஷயம், நடுவில் தேடிய சொல் கிடைக்காவிட்டால் விம் மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். கீபேட் நிற்காது. பதிவான மேக்ரோ ரெஜிஸ்டர் என்ற சேமிப்பிடத்தில் சாதாரண எழுத்தாகவே இருப்பதால், அதைக் கோப்பில் ஒட்டித் திருத்தி மீண்டும் ஏற்றவும் முடியும்.

வி.எஸ். கோட் எடிட்டரில் இப்படிப் பதிவு செய்யும் வசதி உள்ளேயே வருவதில்லை; அதற்கு எக்ஸ்டென்ஷன் தேட வேண்டும். அந்தக் குறையைப் பார்த்துத்தான் பலர் கீபேட் பக்கம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அங்கே பல இடத்தில் ஒரே நேரத்தில் தட்ட உதவும் மல்டி கர்சரும், சுருக்கத்தைத் தட்டினால் முழுக் கோடாக விரியும் ஸ்னிப்பெட்டும் சேர்ந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

இஃப், அடைப்பு, என்டர், மூடும் அடைப்பு என்று ஒரு கோட் வார்ப்பை கீபேடில் ஏற்றிப் பாருங்கள். திறக்கும் அடைப்பைக் கண்டதுமே எடிட்டர் மூடும் அடைப்பைத் தானாகப் போட்டுவிடும். அது தெரியாத கீபேட் இன்னொன்றைப் போடும். நடுவில் சொல்லை நிரப்பித் தரும் ஆட்டோகம்ப்ளீட் பட்டியல் திறந்துவிட்டால் என்டர் அதிலுள்ள ஏதோ ஒன்றைத் தேர்ந்துவிடும். எடிட்டரின் கட்டளைகளைப் பெயரால் தேடும் கட்டளைப் பலகையைத் திறந்து தட்டும் மேக்ரோ இன்னும் மோசம். பலகை திறக்க அரை நொடி தாமதமானால், கட்டளை முழுவதும் கோடுக்கு நடுவில் போய் விழும். தாமதம் சேர்க்கலாம்தான். எத்தனை மில்லிநொடி என்று யாருக்குத் தெரியும்? ஸ்னிப்பெட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டேப் அடித்தால் அடுத்த இடத்துக்குப் போகும், கோப்பின் பெயரையும் அதுவே நிரப்பும்.

கீபேடில் இடமும் குறைவு. கியூஎம்கே ஃபர்ம்வேர் (கீபேடுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஓடும் கீபேடை 'வியா' என்ற நிரல் மூலம் அமைத்தால் வழக்கமாக 16 மேக்ரோக்கள் கிடைக்கும். பழைய ஏடிமெகா32யு4 சிப் என்றால் விசை அமைப்பு, லேயர் (அதே பொத்தான்களுக்கான மாற்று அடுக்கு), மேக்ரோ எல்லாமே 1 கேபி ஈப்ராம் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். ஆர்பி2040 சிப்பில் வரும் பலகைகளில் இந்த நெருக்கடி குறைவு. விலை மலிவான பல கீபேடுகளில் கியூஎம்கேயே கிடையாது. கூட வரும் ஏதோ ஒரு விண்டோஸ் மென்பொருள்தான் கதி. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். அப்புறம், பாஸ்வேர்டை மட்டும் அதில் ஏற்றாதீர்கள். யாராவது அதைப் பிடுங்கித் தன் கணினியில் செருகி, நோட்பேடைத் திறந்து அமுக்கினால் முடிந்தது கதை.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் இன்னும் மேசையில் வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம். டீபக்கிங், அதாவது கோடை வரிவரியாக ஓட்டிப் பிழை தேடுவதுதான் காரணம். என் லேப்டாப்பின் மேல்வரிசை விசைகளை நேரடியாக அமுக்கினால் வெளிச்சமும் ஒலியும்தான் மாறும். அடுத்த வரிக்குப் போகும் எஃப்10, ஃபங்ஷனுக்குள் நுழையும் எஃப்11 வேண்டுமென்றால் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஃபங்ஷனை விட்டு வெளியே வர ஷிஃப்ட்டும் சேரும். ஒரு லூப்பை முப்பது முறை அப்படித் தாண்டிப் பார்த்தவருக்குத் தனிப் பொத்தானின் அருமை தெரியும். இங்கே திரையைப் பார்த்து முடிவெடுப்பது நான்தான், கீபேட் ஒரே ஒரு விசையைத்தான் அனுப்புகிறது.

இரண்டாவது காரணம் எஃப்13. சாதாரண விசைப்பலகையில் இல்லாத விசை என்பதால் அதற்கு ஏற்கெனவே வேலை கொடுத்து வைத்திருக்கும் நிரல்கள் அரிது. கீபேட் எஃப்13 என்று மட்டும் சொல்லும். அதற்கு என்ன பொருள் என்பதை எடிட்டரின் கீபைண்டிங்ஸ் கோப்பில் (எந்த விசைக்கு என்ன வேலை என்ற பட்டியல்) எழுதலாம். 'வென்' (எப்போது) என்ற நிபந்தனை போட்டால், அதே விசையால் பைத்தான் மொழிக் கோப்பில் பைடெஸ்ட் சோதனையும் கோ மொழிக் கோப்பில் கோ டெஸ்ட் சோதனையும் ஓட வைக்கலாம். தமிழ்99 போட்டிருந்தாலும் எஃப்13 எஃப்13தான். லினக்ஸில் மட்டும் அது பெரும்பாலும் 'டூல்ஸ்' என்ற மல்டிமீடியா விசையாக மாறி வரும். ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருக்கும்.

விண்டோஸ்காரர்களுக்குக் காசில்லாத வழி ஆட்டோஹாட்கீ என்ற நிரல். எந்த ஜன்னல் முன்னால் இருக்கிறது என்று பார்த்து நடந்துகொள்ளும் என்பதால், அந்த விஷயத்தில் கீபேடைவிட ஒரு படி மேல். 2017-இல் வந்த, 15 குட்டித் திரைப் பொத்தான்கள் கொண்ட ஸ்ட்ரீம் டெக், நிரலுக்கு ஏற்ப படத்தை மாற்றிக்கொள்ளும். பார்க்க அழகு, விலை அதிகம். கணினியில் மென்பொருள் ஓடாவிட்டால் அது வெறும் பெட்டி. கோட் எழுதும்போது குனிந்து படம் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. வீடியோ எடுப்பவர்களுக்கு ஒத்துவரும்.

இப்போது என் கீபேடில் ஐந்து பொத்தான் டீபக்கருக்கு, ஒன்று டெஸ்ட்டுக்கு, ஒன்று பில்டுக்கு. மீதி இரண்டை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. போன் பேசும்போது சும்மா தட்டிக்கொண்டிருக்க நன்றாக இருக்கிறது.