ராத்திரி ரெண்டு மணிக்கு போனை எடுக்கிறது ஆர்? வார்ட், கெயார் ஹோம், சொந்த வீடு: ஒரு ஒப்பீடு

பெரியம்மாவுக்கு மார்புப் புற்றுநோய் முள்ளந்தண்டு எலும்புவரைக்கும் பரவிட்டுது, இனி கீமோ குடுத்து ஆளைக் களைக்கப் பண்ணுறதில பிரயோசனம் இல்ல, நோவைக் குறைச்சு வைச்சிருப்பம் எண்டு டொக்டர் சொன்ன அண்டைக்குப் பின்னேரம், உப்புவெளி வீட்டு விறாந்தையில நான், அக்கா, சின்ன மாமா மூண்டு பேரும் இருந்து மூண்டு மணித்தியாலம் கதைச்சம். ஆளை எங்க வைச்சுப் பாக்கிறது? பெரியம்மா கலியாணம் கட்டேல்ல, கணக்கு ரீச்சரா இருந்து பென்சன் எடுத்தவ, நாங்கள்தான் பிள்ளையள்.

எங்களுக்கு முன்னால இருந்தது நாலு வழி. திருகோணமலை பெரிய ஆஸ்பத்திரி வார்ட். டவுனுக்குக் கொஞ்சம் வெளியில காசுக்கு நடத்துற ஒரு கெயார் ஹோம் (பேர் வேண்டாம், வாசல் போர்ட்ல 'பாலியேட்டிவ் கெயார்', அதாவது நோவைத் தணிச்சுப் பாக்கிற பராமரிப்பு எண்டு பெருசா எழுதியிருந்திச்சு). சொந்த வீடு, அதோட கிளினிக்கும் வந்து பாக்கிற ஒரு ரிட்டயர்ட் மிஸ்ஸியும் (நேர்ஸ்). நாலாவது, மஹரகமவில புற்றுநோய்ச் சங்கம் நடத்துற சாந்த செவன மாதிரி உண்மையான ஹொஸ்பிஸ், கடைசிக்காலத்தில ஆளை நோவில்லாமல் வைச்சுப் பாக்கிற இடம்.

நாலாவதை முதல்லயே சொல்லி முடிச்சிடுறன். இஞ்ச இருந்து கொழும்புப் பக்கம் எண்டா 250 கிலோமீற்றருக்கு மேல, எலும்பு நோவோட இருக்கிற ஆளை அவ்வளவு தூரம் வாகனத்தில குலுக்கிக் கொண்டுபோய், சிங்களம் அரைகுறையாத் தெரிஞ்ச பெரியம்மாவைத் தனிய விட்டிட்டு நாங்கள் கிழமைக்கு ஒருக்கா ராத்திரி ரயில்ல போய்வாறதா? மாமா "வேண்டாம் பிள்ளை" எண்டார், அதோட அந்தக் கதை முடிஞ்சுது. கொழும்பில சொந்தம் இருக்கிற ஆக்களுக்கு அது நல்ல வழியா இருக்கலாம், எங்களுக்கு இல்ல. தெல்லிப்பழை, மட்டக்களப்பு கான்சர் யூனிட்டுகளும் வைத்தியத்துக்குச் சரி, ஆனா கடைசி மாசங்களுக்கு ஆளை ஊர்மாத்துறது வேற கதை.

இப்ப மிச்சம் மூண்டு. நியூ ஜெர்சியில நேர்ஸா இருக்கிற மச்சாள் ஒராள் இருக்கிறா, அவவிட்ட வட்ஸ்அப்பில கேட்டன், அங்க ஹொஸ்பிஸ் நல்லதோ கூடாதோ எண்டு என்ன மாதிரிப் பாக்கிறவை எண்டு. அவ சொன்னது எனக்கு அப்பிடியே பிடிச்சுப்போச்சு. அங்க மெடிகெயர் எண்ட அரசாங்கக் காப்புறுதி ஹொஸ்பிஸுகளை அளக்கிற விசயத்தில ஒண்டு, ஆள் சாகிறதுக்கு முந்தின கடைசி மூண்டு நாளில ரெண்டு நாளாவது நேர்ஸோ சோசியல் வேர்க்கரோ நேர வந்து பாத்தவையா எண்டது. இன்னொண்டு, ஆள் போனாப்பிறகு வீட்டுக்காரரிட்டயே படிவம் அனுப்பிக் கேக்கிறது, நோவுக்கு உதவி கிடைச்சுதா, இரவில கூப்பிட்டா வந்தவையா, உங்களை மரியாதையா நடத்தினவையா எண்டு. கட்டில், ரைல்ஸ், ஏசி ஒண்டும் இந்தக் கணக்கில இல்ல பாருங்கோ. அப்பதான் எனக்கு விளங்கிச்சு நாங்கள் பகல்ல போய்ப் பாத்ததெல்லாம் பிழை, பாக்கவேண்டியது ராத்திரியை எண்டு.

ஆனபடியா நான் செய்த முதல் வேலை, கெயார் ஹோமுக்கு ராத்திரி பதினொண்டரைக்குப் போன் அடிச்சது. ரெண்டு தரம் அடிச்சு நிண்டுது. மூண்டாந்தரம் நித்திரைக் குரல்ல ஒரு பெடியன் எடுத்து "நான் அற்றெண்டன் அண்ணை, மிஸ் காலமை எட்டுக்குத்தான் வருவா" எண்டான். டொக்டர்? "அவர் கிழமைக்கு ஒருக்கா." ஆருக்கும் சரியான நோ எண்டா? கொஞ்சநேரம் சத்தமில்ல, பிறகு "பனடோல் குடுப்பம், கூடினா 1990 அம்புலன்சுக்கு அடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம்." அந்தப் பெடியனில எனக்குக் கோவம் வரேல்ல, அவன் உண்மையைச் சொன்னவன். பகல்ல நேர போனப்ப மனேஜர் எங்களுக்கு ரீ தந்து, கார்டின் காட்டி, கூடத்தில பெரிய டிவி காட்டி, மாசம் 95,000, அட்வான்ஸ் ரெண்டு மாசக் காசு, பம்பர்ஸ் வேற, ஒக்சிஜன் வேற எண்டு எல்லாம் விளக்கினவர். மோர்பின் வைச்சிருக்கிறியளா எண்டு அக்கா கேக்க, "ஐயோ மிஸ், அது போதைவஸ்து, அந்தப் பிரச்சினைக்கு நாங்கள் போறேல்ல" எண்டார். எனக்கு அந்த ஒரு வசனம் போதும். எலும்புக்குப் பரவின புற்றுநோய்க்காரரை எடுத்துக்கொண்டு மோர்பினைத் தொடமாட்டம் எண்டா அது பாலியேட்டிவ் இல்ல, அது லொட்ஜ்.

மோர்பினைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கவேணும், ஏனெண்டா எங்கட ஆக்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பயம், மாமாகூட "அதைக் குடுத்தா கெதியாப் போயிடுவா" எண்டவர். 1986இல உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் நோவுக்கு மருந்து குடுக்கப் போட்ட ஏணி எண்டு ஒண்டிருக்கு, முதல் படி பனடோல் மாதிரி, நடுப்படி கொடெயின் மாதிரி, மேல்படி மோர்பின். வாயால குடுக்கிற சாதாரண மோர்பின் ஏறக்குறைய நாலு மணித்தியாலம்தான் நிக்கும், அதால நோ வந்தாப்பிறகு இல்ல, மணிக்கூட்டைப் பாத்து நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுக்கவேணும். இடையில நோ வெடிச்சா குடுக்க எக்ஸ்ட்ரா டோஸ் ஒண்டு கையில இருக்கவேணும், அது பொதுவா ஒருநாள் முழுக்கக் குடுக்கிறதில ஆறில ஒரு பங்கு. பெரியம்மாவுக்கு பத்து மில்லிகிராம் ஆறு தரம், ஆக 60, எக்ஸ்ட்ரா 10. கணக்கு ரீச்சர் அல்லோ, தானே கொப்பியில கோடு கீறி எழுதினவ. முதல் ரெண்டு மூண்டு நாள் நித்திரையும் ஓங்காளமும் இருந்திச்சு, பிறகு அது போட்டுது, மலச்சிக்கல் மட்டும் போகாது, அதால மோர்பினை எழுதின அதே துண்டில வயித்தாலை போக மருந்தும் எழுதாத டொக்டரை நான் ரெண்டாந்தரம் யோசிப்பன். சரியான அளவில குடுத்தா மோர்பின் ஆளைக் கொல்லாது, வாய்விட்டுக் கத்தாமல் கதைக்க விடும், அவ்வளவுதான்.

வார்ட்டுக்கு வருவம். பெரியம்மா நடுவில ஒன்பது நாள் வார்ட்ல இருந்தவ, அதால சும்மா கேள்விப்பட்டதைச் சொல்லேல்ல. இரவில டியூட்டி டொக்டர் இருக்கிறார், மோர்பின் பூட்டின அலுமாரியில இருக்கு, கொப்பியில பதிஞ்சுதான் எடுப்பினம், வாயால விழுங்கேலாட்டி ஊசி இருக்கு, ஒரு சதம் கட்டத்தேவையில்ல. இதில வார்ட் கெயார் ஹோமை எங்கயோ விட்டிட்டுப் போயிட்டுது. ஆனா ஒரு இரவில ரெண்டு மூண்டு மிஸ்ஸிமாருக்கு வார்ட் நிறைய சனம், பக்கத்துக் கட்டில்ல மூச்சிழுக்கிற ஆளுக்கு ஓடுறதா, நோ எண்டு முனகுற பெரியம்மாட்ட வாறதா? எக்ஸ்ட்ரா டோஸ் கேட்டு முக்கால் மணித்தியாலம் காத்த இரவு இருக்கு. அவையளைக் குறை சொல்லேலாது. இன்னொண்டு, வார்ட் எண்டது காப்பாத்துற இடம், சும்மா இருக்க அவைக்குத் தெரியாது. சாப்பிடாட்டி டிரிப் ஏத்துவினம், கடைசிக் கட்டத்தில உடம்பு தண்ணியை வேண்டாம் எண்டு சொல்லேக்க ஏத்தினா கால் வீங்கும், நெஞ்சில சளி கரகரக்கும். பெண்கள் வார்ட் எண்டபடியா இரவில அக்கா மட்டும்தான் நிக்கலாம், நானும் மாமாவும் வெளியில வேப்பமரத்துக்குக் கீழ, விசிற்றிங் நேரம் வரைக்கும் நுளம்புக்கடி.

கிண்ணியாவில எனக்கு ஒரு கூட்டாளி, அவன்ட வாப்பாவும் இப்பிடித்தான் கடைசியில ஒரு மாசம் கிடந்தவர். அவன் சொன்னது: "மச்சான், வாப்பாவுக்கு நோவை விட, கட்டிலைக் கிப்லாவுக்கு, மக்காப் பக்கம் நேராப் போடேலாம இருந்ததுதான் கவலை." வீட்ட கொண்டுவந்து முதல் செய்த வேலை கட்டிலைத் திருப்பினதாம். இதை ஏன் சொல்லுறன் எண்டா, 1967இல லண்டன்ல சென்ட் கிறிஸ்தோபர்ஸ் எண்ட ஹொஸ்பிஸைத் தொடங்கின சிசிலி சோண்டர்ஸ் நோவை உடம்பு நோ மட்டுமாப் பாக்கேல்ல, மனம், குடும்பம், காசு, கடவுள் எல்லாம் சேர்ந்ததுதான் முழு நோ எண்டவ. எங்கட வீட்டிலயும் அதைக் கண்ணால கண்டன். பெரியம்மாவுக்கு வீட்டு உறுதி ஆர்ட பேரில எழுதுறது எண்டு ஒரு யோசினை உள்ளுக்க அரிச்சுக்கொண்டிருந்திருக்கு. நொத்தாரிஸைக் கூட்டிவந்து எழுதி முடிச்ச அண்டைக்கு இரவு அவ எக்ஸ்ட்ரா டோஸ் கேக்கேல்ல. அடுத்தநாள் கொப்பியில அந்தக் கட்டம் வெறுமையா இருந்திச்சு, தானே அதைத் தொட்டுக் காட்டினவ.

அப்ப வீடுதான் திறம் எண்டு நினைக்காதேங்கோ. வீடு நல்லது, மிஸ்ஸி இருந்தபடியா. அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை செய்து பென்சன் எடுத்த மனுசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவா. அவவுக்கும் நான் அதே சோதனை வைச்சன், பத்தரை மணிக்குப் போன், ரெண்டாவது றிங்கிலயே எடுத்து "என்ன பிள்ளை, நோகுதோ?" எண்டா. நான் வெக்கப்பட்டு "இல்ல மிஸ்ஸி, சும்மா" எண்டன், ஏச்சு வாங்கினன். ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்கவைக்க அக்காவுக்குப் பழக்கினது அவ, குதிக்காலையும் நாரியையும் டோர்ச் அடிச்சு சிவப்பு விழுந்திருக்கா எண்டு பாக்கக் காட்டித்தந்தது அவ, காத்து மெத்தை கரண்ட் போனா தட்டையாப் போயிடும் எண்டு முதல்லயே சொல்லி ஒரு ஸ்பொஞ் மெத்தையும் வைக்கச் சொன்னது அவ. ஊராக்கள் வந்து கடைசிப் பால் பருக்கவேணும் எண்டு கரண்டியோட நிக்க, "விழுங்க மாட்டா, புரைக்கேறும், பஞ்சில நனைச்சு உதட்டில தடவுங்கோ, அதுவும் பால்தான்" எண்டு ஆருக்கும் மனம் நோகாமல் சொன்னவ. தொண்டையில கரகரப்பு வந்து நாங்கள் பதறேக்க "அது உங்களுக்குத்தான் கேக்க ஏலாம இருக்கு, அவவுக்குத் தெரியாது" எண்டு ஆளைப் பக்கவாட்டில சரிச்சுவிட்டா, சத்தம் பாதியாக் குறைஞ்சுது. கடைசி மூண்டு நாளும் ஒவ்வொரு நாளும் வந்தவ. மச்சாளுக்குச் சொன்னன், இஞ்ச படிவம் இல்லாமலே ஒராள் உங்கட சோதினையில பாஸ் எண்டு.

வீட்டின்ர கூடாத பக்கம் அக்கா. ரெண்டு மாசத்தில எட்டுக் கிலோ மெலிஞ்சு, ஒருநாள் குசினியில சோத்துப் பானையோட மயங்கி விழுந்தவ. மச்சாள்ட ஊரில வீட்டுக்காரர் களைச்சா ஆளை அஞ்சு நாள்வரைக்கும் உள்ளுக்க எடுத்து வைச்சிருக்க மெடிகெயர் காசு குடுக்குமாம், இஞ்ச அப்பிடி ஒண்டு எங்கட கைக்கு எட்டேல்ல. உண்மையைச் சொன்னா அந்த ஒன்பது வார்ட் நாளும் எங்களுக்கு அந்த ஓய்வுதான், பெரியம்மாவுக்கு இல்ல. கெயார் ஹோமுகள் இந்த அஞ்சு நாளை மட்டும் ஒழுங்காச் செய்தாலே போதும், அதுக்குச் சனம் காசு குடுக்கும், ஆனா அவை ரெண்டு மாச அட்வான்ஸில நிக்கினம். வீட்டில பாக்கிறதெண்டா கையில இருக்கவேண்டிய பேப்பர்களும் இருக்கு. டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி ரெண்டும் தலைமாட்டில இருந்தா, ஆள் வீட்டில போனாப்பிறகு விதானையார்ட துண்டு எடுத்துப் பதியிறது லேசு, இல்லாட்டி தேவையில்லாத கேள்வியெல்லாம் வரும்.

ஆக எங்கட தரவரிசை: மிஸ்ஸி இருக்கிற வீடு முதல், வார்ட் ரெண்டாவது, மிஸ்ஸி இல்லாத வீடு மூண்டாவது, அந்தக் கெயார் ஹோம் எங்கயோ கடைசியில. மிஸ்ஸி இல்லாத வீட்டை வார்டுக்குக் கீழ போட்டதுக்கு மாமா என்னோட சண்டை பிடிச்சவர், சொந்தச் சனத்துக்கு நடுவில சாகிறதுக்கு ஈடில்ல எண்டு. நான் விடேல்ல. நோவில கத்துற ஆளைச் சுத்தி நிண்டு அழுறதில சொந்தத்துக்கு என்ன பெருமை?

அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போய் வந்த அண்டைக்குப் பின்னேரம் மிஸ்ஸி வீட்ட வந்தவ. மிச்சமிருந்த மோர்பின் குளிசையளை எண்ணி, பெரியம்மாட கொப்பியோட சரிபாத்து, நாளைக்கு ஆஸ்பத்திரி பாமசியில குடுத்திடு எண்டு என்ர கையில தந்தா. பிறகு குசினிக்குப் போய் அக்காட்ட "நீ இப்ப நித்திரை கொள்ளுறியோ?" எண்டு கேட்டா. அக்கா "இல்ல மிஸ்ஸி, ரெண்டு மணிக்கு எழும்பிடுறன்" எண்டா. ரெண்டு பேரும் கனநேரம் வெளியில வரேல்ல, நான் தேத்தண்ணியைப் போட்டு வாசல்ல வைச்சிட்டு வந்திட்டன்.