பால்வழியின் நடுத்தண்டை அளக்க: சிவப்புத் திரளா, மைராவா?

பால்வழியின் நடுவில் விண்மீன்கள் உருண்டையாகக் குவிந்திருக்கவில்லை, நீண்ட தண்டாக அமைந்திருக்கின்றன என்று 1964-இலேயே வளிமத்தின் ஓட்டத்தை வைத்து ஜெரார் தெ வோகுலூர் கருதினார். அந்தத் தண்டு நம் பார்வைக் கோட்டுக்கு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதைப் பொதுவில் கிடைக்கும் தரவுகளிலிருந்து நானே கணக்கிட முனைந்தபோது, தண்டின் பகுதிகளின் தொலைவை அறிய எந்தப் பெருவிண்மீனை அளவுகோலாகக் கொள்வது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. சிவப்புத் திரள் விண்மீன்களா, மைரா வகை மாறொளி விண்மீன்களா? நான் சிவப்புத் திரளைத் தேர்ந்தேன். மறுபடி தொடங்கினாலும் அதையே தேர்வேன்.

இடமாறு தோற்றத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் பெயர்வதுபோல் தோன்றும் கோணத்தை) நேரடியாகப் பயன்படுத்தலாமே என்பார்க்கு ஒரு சொல்: நடுப்பகுதி ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே கையா செயற்கைக்கோளின் அளவீட்டுப் பிழை, அளக்க வேண்டிய கோணத்தில் கணிசமான பங்காகிவிடுகிறது.

மைராக்களின் சிறப்பு வெளிப்படை. ஒளி ஒருமுறை கூடிக் குறைய எடுக்கும் அலைவுக்காலம் தெரிந்தால் உள்ளார்ந்த ஒளி தெரியும். ஆகவே ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித் தொலைவு கிடைக்கும். அலைவுக்காலம் 100 நாளிலிருந்து 1,000 நாள் வரை நீளுவதால் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். சிலியின் லாஸ் கம்பானாஸில் 1992 முதல் வானைப் பார்த்துவரும் ஓகிள் குழு அந்த உழைப்பை நமக்காகச் செய்து, 2022-இல் ஏறத்தாழ 66,000 மைராக்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது.

சிவப்புத் திரள் விண்மீன் என்பது, சூரியனை ஒத்த நிறையுள்ள விண்மீன் முதுமையில் தன் மையத்தில் ஹீலியத்தை எரிக்கும் நிலை. மொத்த நிறை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும், எரிப்புத் தொடங்கும்போது மையக்கருவின் நிறை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் ஒளியும் ஒன்றுபோல் அமைகிறது. கே அகச்சிவப்பு வடிகட்டியில் அதன் தனிப் பொலிவெண் (எல்லா விண்மீன்களையும் ஒரே தொலைவில் வைத்துப் பார்த்தால் தெரியும் பொலிவின் எண்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) −1.6 அளவில் நிற்கும். இவற்றின் எண்ணிக்கையோ மைராக்களைவிடப் பன்மடங்கு அதிகம்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது எண்ணிக்கை அன்று, தூசு. நடுமையத்தின் திசையில் கண்ணுறு ஒளி 30 பொலிவெண் அளவுக்கு மறைக்கப்படுகிறது. அகச்சிவப்பில் பார்த்தாலும் மறைப்பு முற்றிலும் நீங்குவதில்லை, திசைக்குத் திசை மாறவும் செய்கிறது. தூசு ஒளியை மறைப்பதோடு சிவக்கவும் செய்யும். சிவப்புத் திரளின் இயல்பு நிறம் குறுகிய எல்லைக்குள் இருப்பதால், ஜே, கே என்னும் இரு அகச்சிவப்பு வடிகட்டிகளில் எடுத்த பொலிவெண்களின் வேறுபாடு இயல்பான 0.68-ஐ எவ்வளவு தாண்டியிருக்கிறது என்று பார்த்தாலே அத்திசையின் தூசு அளவு கிடைத்துவிடும். தொலைவுக்கும் தூசுக்கும் அதே விண்மீன்களே அளவுகோல். மைராவோ தன் பொருளையே வெளியே உதறித் தன்னைச் சுற்றித் தூசுப் போர்வை அமைத்துக்கொள்கிறது. அது சிவந்து தெரிந்தால், அந்தச் சிவப்பில் போர்வையின் பங்கு எவ்வளவு, இடைவெளித் தூசின் பங்கு எவ்வளவு என்று நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. சிலியின் விஸ்டா தொலைநோக்கியால் நடந்த வி.வி.வி. அளக்கையிலிருந்து உருவான தூசு வரைபடமே சிவப்புத் திரளைக் கொண்டு வரையப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

அதற்காகச் சிவப்புத் திரளில் சிக்கலே இல்லை என்று சொல்லமாட்டேன். நிறமாற்றத்தை, அதாவது 0.68-ஐத் தாண்டிய அளவை, எந்த எண்ணால் பெருக்கினால் கே மறைப்பு வரும் என்பதில், பழைய பொது விதி ஏறத்தாழ 0.69 என்கிறது, நடுப்பகுதிக்கென நிஷியாமா குழு 2009-இல் தந்த எண் 0.53. நிறமாற்றம் 1 ஆக உள்ள திசையில் இந்த வேறுபாடு மட்டுமே தொலைவை ஏழு, எட்டு சதவீதம், அதாவது ஏறத்தாழ 2,000 ஒளியாண்டு, தள்ளிவிடும். மேலும், தனியொரு விண்மீனைக் காட்டி இது திரளைச் சேர்ந்தது என்று நிறமும் பொலிவும் கொண்டு உறுதி கூற முடியாது. விண்மீன்களைப் பொலிவுவாரியாக எண்ணி வரைந்த கோட்டிலிருந்து பின்னணிப் பெருவிண்மீன்களின் சீரான சரிவைக் கழித்து, எஞ்சும் மேட்டின் முகட்டைத்தான் அளக்கிறோம்.

அந்த முகட்டை எப்படிப் படிப்பது என்பதில்தான் நான் வழுக்கினேன். நடுமையத்துக்கு இருபுறமும் ஏறத்தாழ ஐந்து பாகை தள்ளிப் பார்த்தால், பால்வழி நெடுங்கோடு கூட்டல் குறியில் எண்ணப்படும் பக்கத்து முகடு 0.37 பொலிவெண் பிரகாசமாக இருப்பதை 1994-இல் ஸ்டானெக் முதலியோர் காட்டினர். தொலைவில் இது 19 சதவீத வேறுபாடு. நானும் அவ்வாறே இரு முகடுகளையும் நேர்கோட்டால் இணைத்தேன். சாய்வு 45 பாகைக்கு வந்தது. தண்டு பருமனானது என்பதையும், பார்வைக் கோட்டில் விண்மீன்கள் மிகச் செறிந்த இடம் தண்டின் அச்சின்மேல் விழுவதில்லை என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அதைச் சேர்த்து, முழு அடர்த்தியையும் வி.வி.வி. தரவிலிருந்து மீட்ட வெக், கெர்ஹார்ட் இருவரும் 2013-இல் பெற்ற சாய்வு 27 பாகை.

மைராக்களில் சில நூறை மட்டுமே கையாண்டிருக்கிறேன் என்பதால் அவற்றைப் பற்றி அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். ஆயினும் தண்டின் பகுதிகள் எப்போது உருவாயின என்பது கேள்வியானால் நான் மைராக்களிடமே செல்வேன்: நீண்ட அலைவுக்காலம் கொண்டவை இளையவை, குறுகியவை முதியவை என்பதால், ஒரே பட்டியலை வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். சிவப்புத் திரளின் முகட்டிலிருந்து அப்படிப்பட்ட பிரிப்பு எளிதில் கிட்டாது.